குருவாயூரில் தோழி கல்யாணம்: வெள்ளி இரவு கிளம்பி திங்கள் காலை திரும்ப முழு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், கூட வேலை பார்த்த ஒரு தோழியின் கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து ஆறு பேர் குருவாயூர் போனோம். அழைப்பிதழில் முகூர்த்தம் 9.30க்கும் 10க்கும் இடையில் என்று போட்டிருந்தது. நம் ஊர்க் கணக்கில் ஓமம் வளர்த்து, ஐயர் மந்திரம் சொல்லி, தாலி கட்ட எப்படியும் பத்தாகும் என்று நினைத்து 9.50க்குப் போய் இறங்கினோம். தாலி கட்டி, மாலை மாற்றி, எல்லாம் முடிந்து, அந்த மண்டபத்தில் வேறொரு ஜோடி உட்கார்ந்திருந்தது. போக ஓர் இரவு, வர ஓர் இரவு, இடையில் 600 கிலோமீட்டருக்கு மேல் பயணம். பார்க்க வந்த பத்து நிமிடம் போய்விட்டது.

அதற்குப் பிறகு இரண்டு முறை அதே ஊருக்குக் கல்யாணத்துக்குப் போய் வந்திருக்கிறேன். இரண்டு முறையும் தாலி கட்டுவதைக் கண்ணால் பார்த்தேன். கற்றுக்கொண்டது ஒன்றுதான்: அந்தப் பத்து நிமிடத்திலிருந்து பின்னோக்கித் திட்டம் போட வேண்டும். ரயில், அறை, குளியல், சுற்றிப் பார்த்தல் எல்லாம் அதற்கு அப்புறம். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் அதிரப்பள்ளி அருவியில் தொடங்குகிறார்கள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் ஏழு பேர், கிளம்பும் இடம் சென்னை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் மணப்பெண்ணிடம் கேட்க வேண்டியவை

அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்ததும் வாழ்த்துச் சொல்லிவிட்டு, அந்த வாரமே நான்கு கேள்விகள் கேட்டுவிடுங்கள். கல்யாணம் நெருங்கினால் அவர் போனை எடுக்கமாட்டார்.

தாலி கட்டுவது கோயில் நடையிலா, அதாவது வாசலிலா, இல்லை ஆடிட்டோரியத்திலா? குருவாயூர்க் கல்யாணம் என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். பலர் கோயிலின் கிழக்கே நடையில் இருக்கும் மண்டபத்தில் தாலி கட்டிவிட்டு, சத்யைக்கு, அதாவது இலைச் சாப்பாட்டுக்கு, வேறு ஓர் ஆடிட்டோரியம் போவார்கள். இரண்டு இடத்தின் பெயரையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷன் எப்போது? இதில்தான் தமிழ்நாட்டுக்காரர்கள் ஏமாறுகிறோம். நம் பக்கம் பல ஊர்களில் வரவேற்பு முதல் நாள் மாலையே நடந்துவிடும். அதற்குப் போய் மொய் வைத்துவிட்டு மறுநாள் முகூர்த்தத்துக்குப் போகாமல் இருந்தாலும் யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேரளத்து இந்துக் கல்யாணங்களில் பெரும்பாலும் ரிசப்ஷன் தாலிக்குப் பிறகுதான், அதே நாளோ வேறு நாளோ. முதல் நாள் மாலை நடப்பது பெண் வீட்டில் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடுகிற கூட்டம். அதற்குத் தனியாகக் கூப்பிட்டிருந்தால் போகலாம்.

மூன்றாவது, அன்று குருவாயூரில் கூட்டம் எப்படி? நான்காவது, அன்றைக்குப் போனை எடுக்கக்கூடிய ஒரு தம்பியோ சித்தி மகளோ யார்? இந்த நான்காவது எண் தங்கம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தேதி இன்னும் முடிவாகவில்லை, உங்களையும் கேட்கிறார்கள் என்றால் ஒரு விஷயம். நமக்கு ஆடி போல மலையாளிகளுக்குக் கர்க்கிடகம்; அந்த மாதம் கல்யாணம் வைப்பதில்லை. அது முடிந்ததும் வரும் சிங்கம், நம் ஆவணி, கல்யாணங்கள் குவியும் மாதம். 2024 செப்டம்பர் 8, சிங்க மாதத்து ஞாயிறு. அன்று ஒரே நாளில் குருவாயூரில் 300க்கும் மேற்பட்ட கல்யாணங்கள் நடந்தன. ஒரு கல்யாணத்துக்குப் புகைப்படக்காரர்களையும் சேர்த்து 24 பேர்தான் மண்டபத்தருகே வரலாம் என்று கோயில் நிர்வாகமான தேவஸ்வம் கட்டுப்பாடு வைத்தது. அப்படிப்பட்ட நாளில் நண்பர்களுக்கு மண்டபத்தருகே இடமே கிடைக்காது. தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். அதை முன்பே தெரிந்துகொண்டு போனால் மனசு கசக்காது.

ரயில்: பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்

குருவாயூருக்குப் போக வேண்டும் என்றதும் எல்லோரும் தேடிப் பிடிக்கிற ரயில் எழும்பூரிலிருந்து கிளம்பும் குருவாயூர் எக்ஸ்பிரஸ். தயவுசெய்து வேண்டாம். அது விழுப்புரம், திருச்சி, மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று தென்னிந்தியாவை ஒரு சுற்றுச் சுற்றிக் குருவாயூர் போகிறது. ஏறக்குறைய ஒரு முழு நாள் அதிலேயே போய்விடும். ஜன்னலோரம் உட்கார்ந்து ஊர் பார்க்கிறவர்களுக்கு அருமையான ரயில்தான். வார இறுதிக் கல்யாணத்துக்கு உதவாது.

உங்களுக்கு வேண்டியது சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு கிளம்பி ஜோலார்பேட்டை, சேலம், கோவைப் பக்கம், பாலக்காடு வழியாகத் திருச்சூர் போகும் ரயில். திருவனந்தபுரம் மெயில், ஆலப்புழா எக்ஸ்பிரஸ் இரண்டும் அப்படித்தான். பத்துப் பதினொரு மணி நேரத்தில், காலையில் திருச்சூர். அங்கிருந்து குருவாயூர் 30 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு.

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். 2024 நவம்பர் வரை 120 நாளாக இருந்தது. பழைய நினைப்பில் யாராவது இன்னும் நான்கு மாதக் கணக்கு சொன்னால் நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமைப் பயணத்துக்கு 60 நாள் முன்பு வருவது ஒரு திங்கட்கிழமை. ஞாயிறு இரவு திரும்புவதற்கு அந்த வாரப் புதன்கிழமை. இரண்டு காலையும் 7.55க்கு ஒருவர் கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். போகும் டிக்கெட் எடுத்த மகிழ்ச்சியில் வரும் டிக்கெட்டை மறந்து, கடைசியில் ஞாயிறு இரவு ஆம்னி பஸ்ஸுக்கு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓணம் சமயத்தில் இது நடந்தால் பஸ் கட்டணத்தைப் பார்த்துவிட்டு விமானத்திலேயே போயிருக்கலாமே என்று தோன்றும்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். ஏழு பேர் என்றால் ஆறும் ஒன்றுமாகப் பிரிக்காதீர்கள். நான்கும் மூன்றுமாகப் போடுங்கள். தனியாக ஒருவர் மட்டும் காத்திருப்போர் பட்டியலில் மாட்டிக்கொண்டால் கூட்டமே குலைந்துவிடும். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த ஐஆர்சிடிசி கணக்குகளுக்குத்தான் முதல் வாய்ப்பு, தட்கலுக்கும் ஆதார் கட்டாயம். ஆகவே யாருடைய கணக்கு சரிபார்க்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வாரம் முன்பே பார்த்துவிடுங்கள். தட்கலில் ஒரு டிக்கெட்டுக்கு நான்கு பேர்தான். பயணத்துக்கு முந்தின நாள் ஏசிக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் திரும்பாது. “வரேன், ஆனா உறுதியாச் சொல்ல முடியாது” என்கிற நண்பருக்காகத் தட்கல் எடுக்காதீர்கள்.

காத்திருப்போர் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஏறி டிடிஆரிடம் பேசிக்கொள்ளலாம் என்பது பழைய காலம். இப்போது ஸ்லீப்பரிலும் ஏசியிலும் அதை அனுமதிப்பதில்லை.

விமானம் வேண்டுமென்றால் கொச்சி விமான நிலையம் இருக்கும் நெடும்பாச்சேரி. பறப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான், ஆனால் இறங்கி குருவாயூர் போக இன்னும் 75, 80 கிலோமீட்டர் சாலையில் போக வேண்டும். கோவையில் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை: வாளையாறு, பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர் என்று காரில் காலையில் கிளம்பி மதியத்துக்குள் போய்விடலாம். வாடகை வண்டி என்றால் கேரள பர்மிட்டும் வரியும் கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். சோதனைச்சாவடியில் கேட்டால் பதில் ஓட்டுநருக்குச் சாதகமாகத்தான் வரும்.

அறை

கோயிலைச் சுற்றி நிறைய விடுதிகள் இருக்கின்றன. பாஞ்சஜன்யம், கௌஸ்துபம் என்று தேவஸ்வத்தின் சொந்த விடுதிகளும் உண்டு. முகூர்த்த ஞாயிறு என்றால் அவை எல்லாம் கல்யாண வீட்டுக்காரர்களுக்கே போதாது. ரயில் டிக்கெட் உறுதியான அன்றே அறையையும் போட்டுவிடுங்கள். கிடைக்கவில்லை என்றால் எட்டொன்பது கிலோமீட்டரில் குன்னங்குளம் இருக்கிறது, இல்லாவிட்டால் திருச்சூர். என்னைக் கேட்டால் சனி இரவு குருவாயூருக்குள்ளேயோ குன்னங்குளத்திலோ தங்குவதுதான் நல்லது. ஞாயிறு காலை திருச்சூரிலிருந்து வரும் சாலையில் உங்களைப் போல நூறு கல்யாணத்து வண்டிகள் வரும்.

போன் செய்து மூன்று விஷயம் கேளுங்கள். காலை 8 மணிக்கு வந்தால் அறை கொடுப்பார்களா, இல்லை 12 மணி செக் இன்னா? ஆண்களும் பெண்களும் சேர்ந்த நண்பர் குழுவுக்குக் கொடுப்பார்களா? சில விடுதிகளில் “ஃபேமிலி மட்டும்” என்பார்கள். இதை வாசலில் பெட்டியோடு நின்று தெரிந்துகொள்ளும் அனுபவம் எனக்கு உண்டு, பரிந்துரைக்கமாட்டேன். மூன்றாவது, எத்தனை குளியலறை?

இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். கணக்கைப் பாருங்கள். முகூர்த்தம் 9.30. நடையில் 8.30க்கு இருக்க வேண்டும். காலை உணவுக்கு அரை மணி, வண்டி நிறுத்தி நடந்து வர அரை மணி. ஆக 7.30க்கு அறையை விட்டுக் கிளம்ப வேண்டும். பட்டுப்புடவை கட்ட ஒருவருக்கு அரை மணி, தலைப்பின்னல், பூ தனி. ஏழு பேருக்கு ஒரே குளியலறை என்றால் முதல் ஆள் 4.30க்கு எழுந்திருக்க வேண்டும். இரண்டு குளியலறை இருந்தால் 5.30. ஒரு மணி நேரத் தூக்கத்தின் விலை என்ன என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். புடவை கட்டுகிறவர்கள் முதலில், ஆண்கள் கடைசியில். இதில் விவாதமே வேண்டாம்.

பெட்டியில் என்ன

ஆண்களுக்கு ஒரு வேட்டி கட்டாயம். நம் வெள்ளை வேட்டியே போதும்; கசவுக்கரை முண்டு வேண்டும் என்றால் அங்கே கடைகளில் கிடைக்கும். குருவாயூர்க் கோயிலுக்குள் ஆண்கள் வேட்டியோடு, சட்டை இல்லாமல்தான் போக வேண்டும். பெண்களுக்குப் புடவை, பாவாடை தாவணி, சுடிதார் சரி, ஜீன்ஸ் ஆகாது. தாலி கட்டும் மண்டபம் கோயிலுக்கு வெளியே இருப்பதால் அங்கே சட்டை போட்டுக்கொள்ளலாம். முதல் முறை வரும் சென்னைப் பையன்கள் இதைக் கேட்டுத்தான் நிம்மதியாக மூச்சு விடுவார்கள்.

பெண்கள் எல்லோரும் வெள்ளையில் தங்கக்கரை கசவுப் புடவை வாங்க ஆசைப்படுவார்கள். அழகுதான். ஆனால் அங்கே மணப்பெண்ணே பெரும்பாலும் காஞ்சிபுரம் பட்டில்தான் நிற்பார். நீங்கள் உங்கள் பட்டில் போங்கள். இரண்டு நாளுக்காக ஏழு கசவு வாங்கி பீரோவில் மடித்து வைப்பதில் அர்த்தமில்லை.

அப்புறம் குடை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அது போனதும் துலா மழை, அதாவது நம் ஐப்பசி மழை. ஆவணிக் கல்யாணம் என்றால் மழையை எதிர்பார்த்தே போங்கள். கழற்றி விட்டால் வருத்தப்படாத சாதாரண செருப்பு, சேஃப்டி பின் ஓர் அட்டை, எல்லோருடைய ஆதார் அட்டை. புடவைகளைத் தேய்த்து, ஒரு பழைய பருத்தித் துண்டோடு சேர்த்துச் சுருட்டி வைத்தால் ரயிலில் கசங்காது. விடுதியில் இஸ்திரிப் பெட்டி தருவார்கள் என்று நம்பிப் போகாதீர்கள்.

பணம், பரிசு

ஒருவரைப் பொருளாளர் ஆக்குங்கள். கணக்கில் கறாரான, ஆனால் சண்டை போடாத ஆள். எல்லோரும் முதலிலேயே ஒரு தொகையை அவருக்கு யுபிஐயில் அனுப்பிவிடுவது; ரயில், அறை, வண்டி, பரிசு நான்கும் அவர் கையிலிருந்து. டீ, பழம்பொரி எல்லாம் அவரவர் பாடு. இதையும் பொதுக் கணக்கில் சேர்த்தால் ரயிலில் அரை மணி நேரம் “நான் ஒண்ணுதான் சாப்பிட்டேன்” என்ற வழக்கு நடக்கும்.

பரிசுக்கு என் யோசனை: சென்னையிலேயே, கல்யாணத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பெரிய பெட்டியை ரயிலில் தூக்கிப் போய், கூட்டத்தில் யாரோ ஒரு மாமாவிடம் கொடுத்து, அது எங்கே போனது என்று இரண்டு வருடம் யோசிப்பதைவிட இது மேல். அங்கே போய்த்தான் கொடுக்க வேண்டும் என்றால் கவர் போதும். நம் ஊர் போல வாசலில் மேஜை போட்டு மொய் நோட்டில் எழுத மாட்டார்கள். கவரின் மேல் ஏழு பேர் பெயரையும் படிக்கும்படி எழுதுங்கள். மலையாளத்தில் எழுதக் கஷ்டப்பட வேண்டாம், பிரிக்கப்போவது உங்கள் தோழிதான்.

சனிக்கிழமை: கொஞ்சம்தான் சுற்ற வேண்டும்

திருச்சூரில் இறங்கியதும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே கேஎஸ்ஆர்டிசி பேருந்து நிலையம் இருக்கிறது. குருவாயூருக்குப் பேருந்துக்குக் குறைவில்லை. ஏழு பேருக்குப் பெட்டியோடு ஒரு பெரிய டாக்சி பிடித்தால் பங்கு போட்டுப் பார்க்கும்போது பெரிய வித்தியாசம் வராது. ஓட்டுநரை “சேட்டா” என்று கூப்பிட்டுவிட்டு மீதியைத் தமிழிலேயே பேசுங்கள். திருச்சூர், பாலக்காடு பக்கம் தமிழ் நன்றாகவே புரிந்துகொள்வார்கள். நீங்கள் அரைகுறை மலையாளம் பேசினால்தான் புரியாது.

அதிரப்பள்ளி திருச்சூரிலிருந்து 60 கிலோமீட்டர், குருவாயூரிலிருந்து இன்னும் கூடுதல். ரயிலில் அரைத் தூக்கம் தூங்கி வந்த நாளில் அங்கே போய் நனைந்து திரும்பினால் மறுநாள் 5 மணிக்கு யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். வேண்டாம். அருவி அடுத்த வருடமும் விழும்.

பதிலாகக் குருவாயூரிலேயே மூன்று கிலோமீட்டரில் புன்னத்தூர்க் கோட்டை. ஒரு காலத்தில் உள்ளூர் ராஜாவின் அரண்மனை வளாகம், இப்போது கோயில் யானைகள் இருக்கும் இடம். பக்தர்கள் நேர்ந்துகொண்டு கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்த யானைகள் அவை, முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. பாகன்கள் குளிப்பாட்டித் தேய்ப்பதையும் பனையோலை போடுவதையும் பார்க்கலாம். சங்கிலியோடு யானையைப் பார்ப்பது எல்லோருக்கும் பிடிக்காது. எங்களில் ஒருத்தி கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டாள். அதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். ஊருக்குள் 1976ல் இறந்த கேசவன் யானையின் சிலை இருக்கிறது. குருவாயூர்க்காரர் யாரிடமாவது கேசவனைப் பற்றிக் கேட்டுவிட்டால் அப்புறம் உங்களுக்கு அரை மணி நேரம் கதை நிச்சயம்.

கோயில் தரிசனத்தைச் சனி மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். ஞாயிறு காலை தாலி முடிந்ததும் ஓடிப்போய்க் கும்பிட்டு வரலாம் என்று நினைத்தால் வரிசையிலேயே சத்யை போய்விடும். செல்போனை உள்ளே கொண்டு போக முடியாது, அறையில் வைத்துவிட்டுப் போங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குருவாயூர்க் கோயிலுக்குள் இந்துக்களுக்கு மட்டும்தான் அனுமதி. நண்பர் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் இருப்போம். வரிசை நகர்ந்து வாசல் வரை போன பிறகு “நீ இங்கேயே இரு” என்று ஒருவரை விட்டுப் போவதைப் போலக் கொடுமை இல்லை. எங்கள் கூட்டத்தில் ஒரு கிறிஸ்தவ நண்பன் இருந்தான். முன்பே பேசி இரண்டாகப் பிரிந்தோம். மூன்று பேர் கோயிலுக்குப் போனார்கள். நாங்கள் மீதிப் பேர் ஐந்து கிலோமீட்டரில் சாவக்காட்டுக் கடற்கரைக்குப் போய் சூரியன் மறைவதைப் பார்த்தோம். என்னிடம் கேட்டால் எங்கள் மாலைதான் நன்றாக இருந்தது. கோயிலுக்குப் போனவர்கள் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்ற கதையைச் சொன்னார்கள்.

இரவு, பெண் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தால், போய் அரை மணி நேரம் இருந்துவிட்டு வாருங்கள். போவதற்கு முன் அந்த நான்காவது எண்ணுக்கு எத்தனை பேர், எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். தோழி மைலாஞ்சி, அதாவது மருதாணி, வைத்த கையோடு உட்கார்ந்திருப்பார். நிதானமாகப் பத்து வார்த்தை பேச அது ஒன்றுதான் சந்தர்ப்பம். மறுநாள் அவர் உங்களைப் பார்ப்பார், பேச மாட்டார். வண்டி அனுப்புங்கள், அறைக்குச் சொல்லுங்கள், சாப்பாடு பார்சல் வேண்டும் என்று எதையும் அந்த வீட்டில் கேட்காதீர்கள்.

ஞாயிறு காலை: அந்தப் பத்து நிமிடம்

8.30க்குக் கிழக்கே நடையில் இருங்கள். செருப்பை முன்பே எங்காவது விட்டுவிடுங்கள். நடைப்பந்தலுக்குக் கீழே நாதஸ்வரமும் தவிலும் ஓயாது; ஒரு கல்யாணம் முடிய அடுத்தது. ஒவ்வொரு கல்யாண வீட்டாருக்கும் டோக்கன் எண் இருக்கும், வரிசை வேகமாக நகர்ந்தால் முன்னதாகவும் நடக்கலாம். ஆகவே “9.30 முகூர்த்தம்” என்பதை 9.10 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நேரத்தில் பல மண்டபங்களில் நடப்பதால் உங்கள் தோழி எந்த மண்டபம் என்று தெரியாமல் திண்டாடுவீர்கள். எல்லா மணப்பெண்ணும் பட்டு, தலை நிறைய மல்லிகை, கழுத்து நிறைய நகை. நாங்கள் ஒரு முறை முழு நம்பிக்கையோடு கூட்டத்தைப் பிளந்து முன்னே போய்க் கையசைத்தோம். திரும்பிப் பார்த்தது வேறு யாரோ. அந்தப் பெண்ணும் மரியாதைக்குச் சிரித்தார். இதற்குத்தான் அந்த நான்காவது எண். தம்பிக்கு ஒரு போன், மண்டபத்தைச் சொல்லிவிடுவான்.

சடங்கு சுருக்கமானது. ஜோடி உட்கார்கிறது, தாலி கட்டுகிறார், மாலை மாற்றுகிறார்கள், மாப்பிள்ளை தட்டில் வைத்துப் புடவை கொடுக்கிறார், எழுந்து வந்துவிடுகிறார்கள். நீங்கள் போனை எடுத்து, கேமராவைத் திறந்து, முன்னால் நிற்பவரின் தலையை விலக்குவதற்குள் தாலி ஏறியிருக்கும். ஏழு பேரில் ஒருவர் மட்டும் வீடியோ எடுக்கட்டும், மற்ற ஆறு பேரும் கண்ணால் பாருங்கள். புகைப்படக்காரர்களே நான்கு பேர் இருப்பார்கள்.

முடிந்ததும் ஜோடியைச் சுற்றிக்கொள்ளாமல் நேரே ஆடிட்டோரியத்துக்குப் போங்கள். குழுவாகப் படம் எடுப்பதெல்லாம் அங்கேதான் வசதி.

சத்யை

கதவு திறக்கும் வரை எல்லோரும் கண்ணியமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். திறந்ததும் பாருங்கள். மூன்று தலைமுறையும் சேர்ந்து ஓடும். வெட்கப்பட்டு ஒதுங்கி நின்றால் மூன்றாம் பந்திதான். மாலை ரயில் இருக்கிறவர்கள் முதல் பந்தியிலோ இரண்டாம் பந்தியிலோ உட்கார்ந்துவிட வேண்டும். ஏழு பேருக்கும் சேர்ந்து இடம் பிடிக்க நினைக்காதீர்கள். மூன்றும் நான்குமாக உட்காருங்கள்.

இலையில் முதலிலேயே வாழைக்காய் உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சிப்புளி, ஊறுகாய் எல்லாம் இருக்கும். காளன், ஓலன், அவியல், தோரன், எரிசேரி, கூட்டுக்கறி என்று வரிசையாக வரும். “கறி” என்றதும் கவுச்சி என்று பயந்து இலையை மூடிய சைவ நண்பர் ஒருவரைத் தெரியும். மலையாளத்தில் கறி என்றால் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம், கூட்டுக்கறியில் இருப்பது கடலையும் காயும் தேங்காயும்தான். சத்யை முழுக்கச் சைவம். டம்ளரில் இளஞ்சிவப்பாக வெதுவெதுப்பான தண்ணீர் வந்தால் பயப்பட வேண்டாம், பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்க வைத்தது.

சோறு பருமனான மட்டை அரிசியாக இருக்கலாம். நம் பொன்னிக்குப் பழகிய வயிறு அதை இரண்டு முறை வாங்கினால் பாயசத்துக்கு இடம் இருக்காது. முதலில் பருப்பும் நெய்யும் பப்படமும், அப்புறம் சாம்பார். பாதியிலேயே பாயசம் வரும், சாப்பாடு முடிந்துவிட்டது என்று எழுந்துவிடாதீர்கள். அதற்குப் பிறகும் மோருக்குச் சோறு கேட்டு வாங்குவார்கள். அடைப்பிரதமனோ பாலடையோ, இலையில் ஊற்றச் சொல்லிப் பழத்தையும் பப்படத்தையும் நொறுக்கிப் பிசைந்து பக்கத்து இலைக்காரர் சாப்பிடுவார். கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஒரு வாய் வைத்துப் பாருங்கள். போதும் என்றால் “மதி”. இந்த ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளாமல் சத்யைக்கு உட்காராதீர்கள், பரிமாறுகிறவர் நிறுத்தவே மாட்டார்.

திரும்புதல்

ஒரு மணிக்குள் மேடையேறி ஜோடியோடு படம், பெற்றோரிடம் ஒரு வார்த்தை. விடைபெற இரண்டு நிமிடம் போதும். வரிசையில் பின்னால் நிற்பவர்களுக்கும் ரயில் இருக்கும். அறைக்குப் போய் உடை மாற்றி, கிளம்பும் நேரத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முகூர்த்த ஞாயிறு மதியம் குருவாயூரிலிருந்து வெளியே வரும் சாலையில் எதுவும் வேகமாக நகராது. சென்னை போகும் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் மாலையிலும், திருவனந்தபுரம் மெயில் இரவிலும் திருச்சூருக்கு வரும். முடிந்தால் இரவு ரயிலையே எடுங்கள். நேரம் மிஞ்சினால் திருச்சூர் நகர நடுவில் வடக்குநாதர் கோயிலைச் சுற்றியிருக்கும் தேக்கின்காடு மைதானத்தில், பூரம் நடக்கும் அதே மைதானத்தில், மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வரலாம். அதைச் சுற்றி ஓடும் ஸ்வராஜ் ரவுண்டில் நேந்திரங்காய் சிப்ஸ் வாங்குங்கள். கண் முன்னால் தேங்காயெண்ணெயில் பொரித்து எடுக்கும் கடையாகப் பாருங்கள். பாக்கெட்டில் அடைத்தது சென்னையிலும் கிடைக்கும்.

திங்கள் காலை சென்ட்ரலில் இறங்கி நேரே அலுவலகம் போகலாம் என்று திட்டம் போடுவீர்கள். ஏழில் இரண்டு பேர் போவார்கள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமையே திங்களுக்கு அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிடுவது நல்லது.

பொருளாளருக்கு ஒரு வார்த்தை. ரயில் திருச்சூரை விட்டதும், பெர்த்தைப் போடுவதற்கு முன், கணக்கைப் படித்துக் காட்டி பாக்கியை அப்போதே யுபிஐயில் வாங்கிவிடுங்கள். வாளையாறு தாண்டினால் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். தூங்கி எழுந்த பிறகு அந்தப் பணம் அடுத்த கல்யாணத்தில்தான் வரும்.